எளிய தியானம் யாருக்கு எளிது?

அன்றாட வாழ்வுக்கு ஏற்ற எளிய தியான முறைகள் என்று நூல்களும் சொற்பொழிவுகளும் பெருகியுள்ள காலம் இது. காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம், அமைதியான ஓர் அறை, நிமிர்ந்த முதுகு, மூச்சின் மீது கவனம். இவ்வளவு போதும் என்கின்றன அவை. இந்த அறிவுரையைப் பொய்யென்று ஒதுக்குவது நமது நோக்கமன்று. ஆயின், இவை குறிப்பது யாருடைய அன்றாட வாழ்வை என்று கேளாமல் இவற்றை மதிப்பிடல் இயலாது. அக்கேள்வியைச் சப்ரகமுவ மாகாணத்தின் தோட்டங்களில் நின்று கேட்போம்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் தியான மரபுக்கு அந்நியமானவை அல்ல. கேகாலை மாவட்டத்திலே சல்கல வன ஆசிரமம் உள்ளது. பாளி மொழிப் புலமையாலும் தியான சாதனையாலும் புகழ்பெற்ற ஆனந்த மைத்திரேய தேரர் (1896-1998) பலாங்கொடையைச் சேர்ந்தவர். அதே மண்ணில்தான், இறப்பர் மரங்களுக்கும் தேயிலைச் செடிகளுக்கும் இடையே, வெள்ளையர் காலத்து லயங்களில் தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்துள்ளனர். ஆசிரமத்துக்கும் லயத்துக்கும் இடையே மொழியும் மதமும் மட்டும் நிற்கவில்லை. தன் நேரம் தன் கையில் இல்லாத வாழ்க்கையும் நிற்கிறது.

எளிய தியானத்தை இல்லறத்தாருக்கு எடுத்துச் சொன்னோருள் இருவரை இங்கு கருதலாம். ஒருவர், ஜெர்மானிய யூதக் குடும்பத்திற் பிறந்து, 1936இல் இலங்கைக்கு வந்து துறவு பூண்ட ஞானபோனிக தேரர். பௌத்த தியானத்தின் இதயத்தை விளக்கும் அவரது ஆங்கில நூல் 1954இல் கொழும்பில் வெளிவந்தது. அதற்கு ஆதாரமான சதிபட்டான சூத்திரம் அமர்ந்திருப்பதை மட்டும் பேசவில்லை. நடத்தல், நிற்றல், படுத்தல், உண்ணல், பருகல் யாவற்றையும் விழிப்புடன் செய்யச் சொல்கிறது. மற்றவர், 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்திற் பிறந்து, தாமும் தறியில் உழைத்த வேதாத்திரி மகரிஷி. 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவிய இவர், காட்டுக்கும் குகைக்கும் செல்ல வேண்டாம், குடும்பத்திலிருந்தே பழகலாம் என்று தமது முறையை எளிமைப்படுத்தினார். துறவியின் தனியுடைமையாக இருந்ததைப் பொதுமக்களின் உடைமையாக்க முயன்றமை இவ்விருவரின் பெருமை. அதனை நாம் தயக்கமின்றி ஏற்க வேண்டும்.

எனினும் அந்த எளிமை லயத்து வாசலில் வந்து தடுமாறுகிறது. பால்வெட்டும் பெண்ணின் நாளைப் பாருங்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். ஆதலால் விடியுமுன் எழ வேண்டும். தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளையை எழுப்பி, பிரட்டுக்கு ஓட வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலிக்கு ஆபத்து. மாலையில் அவள் திரும்பும் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள்ளேதான் அடுப்பும், படுக்கையும், படிக்கும் பிள்ளையும், இருமும் முதியவரும். அமைதியான ஓர் அறையைத் தேடச் சொல்லும் ஆசிரியர் இந்த அறையைக் கண்டதில்லை.

வேலையையே தியானமாகச் செய்யலாமே என்பார் சிலர். இக்கூற்றை நுணுகி ஆராய வேண்டும். பால்வெட்டு மிகுந்த கவனத்தைக் கோரும் தொழில். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். கத்தி சற்று ஆழ்ந்தால் மரம் காயப்படும், ஆழம் குறைந்தால் பால் வராது. மனத்தை ஒருமுகப்படுத்துவது எப்படி என்று அவளுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கவனத்தின் பயன் அவளுடையதன்று. கிலோக் கணக்கில் நிறுக்கப்பட்டுப் பிறர் கணக்கில் சேர்கிறது. உழைப்பில் கவனம் வேறு, தன் உள்ளத்தின்மீது தனக்குள்ள உரிமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்குவது தத்துவத்தின் பெயரால் தோட்ட நிர்வாகத்துக்குச் செய்யும் உபகாரமாகும்.

இன்னொன்றும் உண்டு. கண்ணை மூடி அமர்வதற்குப் பாதுகாப்பு வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1977இலும், 1981 ஆகஸ்டிலும், 1983இலும் நிகழ்ந்த வன்செயல்களில் சப்ரகமுவத் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டனர். லயங்களை விட்டுக் காடுகளில் ஒளிந்தோரும், ஊரையே விட்டுச் சென்றோரும் உண்டு. இரவெல்லாம் காலடி ஓசைக்குச் செவிசாய்த்த மக்களிடம், அச்சம் வெறும் மன அலை என்று உபதேசிப்பது கொடுமை.

அப்படியாயின் தியானம் என்பதே மயக்க மருந்து என்று தள்ளிவிடலாமா? நம் அணியில் அவ்வாறு கூறுவோர் உண்டு. அவர்களோடு நாம் உடன்படவில்லை. மதத்தைக் குறித்து 1844இல் மார்க்ஸ் எழுதிய புகழ்பெற்ற பகுதி, அதனை வெறும் ஏமாற்றாக மட்டும் காணவில்லை. உண்மையான துன்பத்தின் வெளிப்பாடாகவும் கண்டது. எட்டு மணி நேர வேலைக்காகச் சிக்காகோவில் 1886இல் தொழிலாளர் போராடியபோது கோரியது கூலியை மட்டுமா? உழைப்பும் உறக்கமும் போக, எஞ்சிய நேரம் தமக்கே உரியதாக வேண்டும் என்பதும் அக்கோரிக்கையின் உட்பொருள். மார்க்ஸின் மருமகன் லஃபார்க் 1880இல் சோம்பியிருக்கும் உரிமைக்காகவே ஒரு நூல் எழுதினார். மன அமைதியும் உழைப்பாளியின் உரிமைகளுள் ஒன்று. அதனை வசதி படைத்தோரின் ஆடம்பரமாக விட்டுவிடுவது நமது தவறு.

ஆகவே, லயத்து வாழ்வுக்கு ஏற்ற முறை அந்த வாழ்விலிருந்தே பிறக்க வேண்டும். மலைக்கு ஏறும் விடியற்பாதையில் காலடியோடு மூச்சை இணைத்து நடக்கலாம். சுமையை இறக்கிய கணத்தில், அடுத்த வேலைக்கு ஓடுமுன், பத்து மூச்சு நின்று கவனிக்கலாம். உட்காரத் திராணியற்ற இரவில் படுத்தபடியே உடலின் களைப்பை உறுப்புறுப்பாக உணரலாம். சதிபட்டான சூத்திரம் இவற்றுக்கு இடம் தருகிறது. இவற்றுக்குக் காசும் வேண்டாம், மதமாற்றமும் வேண்டாம்.

தோட்டப் பாடசாலை ஆசிரியருக்கு இதில் ஒரு கடமை உண்டு. பாடம் தொடங்குமுன் இரண்டு நிமிடம் பிள்ளைகளை மூச்சைக் கவனிக்கச் செய்யுங்கள். ஆனால் அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். தன் உடலின் களைப்பைத் தானே உணர்ந்த பிள்ளை, இந்தக் களைப்பு ஏன் வந்தது, அம்மா ஏன் இன்னும் திரும்பவில்லை, வீட்டில் படிக்க ஏன் இடமில்லை என்றும் கேட்கும். அக்கேள்விகளை அடக்கும் அமைதி நமக்கு வேண்டாம். அவற்றைத் தெளிவாகக் கேட்கும் துணிவைத் தரும் அமைதியே வேண்டும். அதனோடு, லயத்துக்குப் பதிலாக ஒரு வீட்டையும் நியாயமான கூலியையும் கோரும் போராட்டமும் தொடர வேண்டும்.