பெயரும் பதிப்பெண்ணும்: ஒரு பொதிப்பட்டியற் கருவி பற்றிய விமர்சனக் குறிப்பு

விமர்சனம் கவிதையோடும் நாவலோடும் நின்றுவிட வேண்டியதொன்றன்று. மனிதர் ஆக்கும் எவ்வெழுத்தும், அது எத்துணை வறண்டதாயினும், தன்னைத் தோற்றுவித்த உறவுகளின் தடத்தைத் தாங்கியே நிற்கின்றது. இந்நோக்கிலேயே டெபியன் இயங்குதளத்தில் வழங்கும் 'டிபிகேஜி-குவெறி' என்னும் கட்டளைவரிக் கருவியை ஒரு பனுவலாகக் கொண்டு ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

1993இல் இயன் மர்டொக் தொடக்கிவைத்த டெபியன், தன்னார்வ உழைப்பாளரின் கூட்டு முயற்சியாக வளர்ந்தது. அதன் மென்பொருள்கள் பொதிகளாக வழங்கப்படுகின்றன. நிறுவப்பட்ட பொதிகளின் விவரங்கள் கணினியிலேயே ஒரு கோப்பிற் பதியப்பட்டிருக்கும். அப்பதிவை வாசித்துத் தருவதே இக்கருவியின் பணி. அது இரு குரல்களிற் பேசுகின்றது. 'லிஸ்ட்' என்று பணித்தால், திரையின் அகலத்துக்கேற்பத் தன் வரிகளைத் தகவமைத்து மனிதக் கண்ணுக்காகப் பேசும். 'ஷோ' என்று பணித்தால், கேட்பவர் வகுத்த உருவத்தில் விடைதரும். உருவம் எதுவும் வகுக்கப்படாவிடின், வரிக்கொரு பொதியாகப் பெயரையும் பதிப்பெண்ணையும் மட்டும் தரும். பின்னையதே ஸ்கிரிப்டுகள் எனப்படும் கட்டளைக் கோவைகளுக்குரிய குரல்.

உருவத்தின் உறுதிப்பாடு இங்கு அலங்காரமன்று. அஃது ஒரு வாக்குறுதி. யாரோ ஒருவர் எழுதிய ஸ்கிரிப்ட், முன்பின் அறியாத மற்றொருவர் ஆக்கிய கருவியின் விடையை நம்பியே இயங்குகின்றது. 2014இல் வெளிவந்த 'ஆப்ட்' கட்டளை, தன் விடை திரைக்கன்றி வேறொரு நிரலுக்குச் செல்வதாயின், தன் உருவம் மாறக்கூடியதென எச்சரிப்பதும் இதனாலேயே. அழகுக்கும் வாக்குறுதிக்கும் இடையிலான முரண்பாட்டை மறைக்காது ஒப்புக்கொள்ளும் நேர்மையை நாம் பாராட்டுதல் வேண்டும்.

ஆயின் உள்ளடக்கம் யாது? பெயர், பதிப்பெண், பருமன், சார்ந்துநிற்கும் பிற பொதிகள், பராமரிப்பாளர் எனப் பல புலங்கள் பதிவில் உள. பராமரிப்பாளர் என்பார் பொதியைத் தொகுப்பவர். நம் மரபிற் கூறின் பதிப்பாசிரியர். நூலாசிரியருக்கு அங்கு ஒரு புலமேனும் இல்லை. அவர் பெயர் வேறொரு கோப்பில், பதிப்புரிமை அறிவிப்பில் அடங்கிக் கிடக்கும். 'சார்பு' எனும் புலமோ பொதி பொதியைச் சார்வதாகவே கூறும்; உண்மையில் மனிதரே மனிதரைச் சார்கின்றனர். மனித உறவுகள் பொருள்களுக்கிடையிலான உறவுகளாகத் தோற்றங்கொள்வதை 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்தில் மார்க்ஸ் விளக்கினார். டெபியன் பொதிகள் விற்பனைப் பண்டங்கள் அல்ல என்பதை நாம் மறக்கவில்லை. எனினும், பண்டமாகாத உழைப்பும் பட்டியலில் ஏறும்பொழுது அதே மறைப்புக்கு உள்ளாவது சிந்தனைக்குரியது.

இது வெறுங் கோட்பாட்டுப் பிரச்சினையன்று. 2024 மார்ச் 29இல், எக்ஸ்இசெட் என்னும் சுருக்கமென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இரகசிய நுழைவழி ஒன்று புகுத்தப்பட்டிருந்ததை அந்திரெஸ் ஃபிறோயிண்ட் வெளிப்படுத்தினார். அம்மென்பொருளை நெடுங்காலம் ஊதியமின்றிப் பெரும்பாலும் தனியராகவே ஒருவர் பேணிவந்தார். அவருடைய களைப்பைப் பயன்படுத்தி, உதவியாளராக வந்து நம்பிக்கை பெற்ற ஒருவரே நுழைவழியைப் புகுத்தினார். எண்ணற்ற கணினிகளைத் தாங்கிய அத்தனிமனிதரின் களைப்பை எந்தப் புலமும் எந்த ஸ்கிரிப்டுக்கும் அறிவித்திருக்க முடியாது.

நெருக்கடியில் அனைவரும் நாடியது பதிப்பெண்ணையே. அவ்விடத்திலும் ஒரு முரண் எழுந்தது. டெபியன் தன் சோதனைக் கிளைகளில் பழைய 5.4.5 பதிப்புக்கு மீண்டது. எனினும் பதிப்பெண் பின்னோக்கிச் செல்லலாகாது என்பது பொதிமுறையின் நியதி. ஆகவே புதிய பொதி '5.6.1+ரியலி5.4.5-1' எனப் பெயர் பெற்றது. 'உண்மையில்' என்று பொருள்தரும் ஆங்கிலச் சொல்லே எண்ணின் நடுவில் நிற்கின்றது. 5.6 எனத் தொடங்குவனவற்றை எல்லாம் நஞ்செனக் கொள்ளும் ஸ்கிரிப்ட் இங்கு தவறிழைக்கும். வாசிக்கத் தெரிந்த மனிதரோ ஒரே பார்வையில் உணர்வர். உருவம் தன் விதியைக் காத்துக்கொண்டது. வரலாறு அதனுள்ளே ஒரு சொல்லாக நுழைந்துகொண்டது.

இக்கருவியைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. கேட்டதற்கு அது பிழையின்றி விடைபகர்கின்றது. எதனைக் கேட்பது என்னும் உரிமையையும் கேட்பவரிடமே விடுகின்றது. குறை வினாவிலேயே உள்ளது. எப்பதிப்பு என்று வினவப் பழகிய நாம், யாருடைய உழைப்பு, அவ்வுழைப்பை யார் தாங்குகின்றனர் என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினாக்களுக்கு உரிய புலங்களைப் பதிவில் அமைப்பது நிரலாளருக்கு அரிய காரியமன்று. அவற்றுக்கு விடையாகக் காட்டத்தக்க ஆதரவை அவ்வுழைப்பாளருக்கு அளிப்பதே அரிது. அது சமூகத்தின் கடமையாகும்.