பளபளப்பு வேறு, பாதுகாப்பு வேறு

இராமேசுவரத்திலோ தங்கச்சிமடத்திலோ ஐந்தாறு ஆண்டுகள் ஓடிய ஒரு வேனைப் பாருங்கள். கூரையும் பக்கவாட்டுத் தகடுகளும் ஓரளவு நன்றாகவே தோன்றும். சற்றுக் குனிந்து மட்கார்டின் உட்புறத்தையும் கதவின் கீழ்விளிம்பையும் ஃபுட்போர்டின் மடிப்பையும் நோக்கினால் வேறு காட்சி தெரியும். அங்கே பெயிண்ட் கொப்புளித்திருக்கும். விரலால் அழுத்தினால் பொரபொரவென்று உதிரும். சில இடங்களில் தகடே இராது. கடலோரத்து வண்டியைத் துரு கீழிருந்து மேலாகவும் உள்ளிருந்து வெளியாகவும் தின்கிறது. இந்த ஓர் உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு, இப்போது நம் பகுதிக் கடைகளில் விற்கப்படும் 'பெயிண்ட் பாதுகாப்பு'ச் சரக்குகளை எடைபோட்டுப் பார்ப்போம்.

செராமிக் பூச்சு, டெஃப்லான் பூச்சு, மெழுகு, ஒளிபுகும் பாலியூரித்தேன் படலம், அடிப்பாகத்துக்கு ரப்பர் பூச்சு, துருவைத் தடுக்கும் மின்னணுப் பெட்டி எனப் பல பெயர்கள். விலையோ சில நூறு ரூபாயிலிருந்து பல்லாயிரம் வரை. தவணையில் வண்டி வாங்கி, தவணை முடியுமுன் தரைத்தகடு மாற்றக் கடன் தேடும் ஓட்டுநருக்கு இது அழகைப் பற்றிய கேள்வி அன்று. பிரேக் குழாயும் ஸ்பிரிங் பட்டைகளும் அதே அடிப்பாகத்தில்தான் உள்ளன; அவை துருவேறி அறுந்தால் நேரும் இழப்பைத் தகட்டின் விலையால் அளக்க முடியாது.

முதலில் நம் கடலையும் காற்றையும் பார்ப்போம். பாம்பன் தீவின் வடக்கே அமைதியான பாக் நீரிணை. தெற்கே அலை மிகுந்த மன்னார் வளைகுடா. பெண்கடல், ஆண்கடல் என்று மீனவர்கள் இவற்றை அழைப்பதுண்டு. அலை உடையும்போது நீருக்குள் சிக்கும் காற்றுக் குமிழிகள் மேற்பரப்புக்கு வந்து வெடிக்கின்றன. ஒவ்வொரு வெடிப்பும் நுண்ணிய உப்புநீர்த் திவலைகளைக் காற்றில் எறிகிறது. பெரிய திவலைகள் கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும். நுண்ணியவை கிலோமீட்டர்க் கணக்கில் பயணம் செய்யும். ஆகவே பரமக்குடி வண்டிக்கும் பாம்பன் வண்டிக்கும் ஒரே பரிந்துரை பொருந்தாது. தனுஷ்கோடிப் பக்கமோ நிலம் ஒரு குறுகிய நாக்கு. எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் அது கடற்காற்றே. 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்படும் முன், மணலிலும் தேங்கிய உப்புநீரிலும் பயணிகளை ஏற்றிச் சென்ற வேன்களின் கோலம், அந்தப் பக்கம் போனவர்களுக்கு நினைவிருக்கும்.

உப்பு படிவது பாதிக் கதைதான். சோடியம் குளோரைடு சுமார் 75 விழுக்காடு ஒப்பு ஈரப்பதத்தில் காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். நம் கரையில் ஈரப்பதம் அவ்வளவு கீழே இறங்குவது அரிது. எனவே உப்புப் படிந்த தகடு கண்ணுக்குக் காய்ந்ததாகத் தோன்றினாலும் அதன்மேல் ஒரு மெல்லிய மின்பகுளிப் படலம் இருந்துகொண்டே இருக்கிறது. போதாததற்கு, நம் மாவட்டத்தின் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான். மற்ற மாதங்களில் உப்பைக் கழுவ வானம் வருவதில்லை. வண்டியின் அடிப்பாகத்துக்கோ மழைக்காலத்திலும் அந்தக் கழுவல் கிடையாது. சக்கரம் வாரியடிக்கும் சேறே மிச்சம்.

இதன் விளைவை எண்ணால் சொல்லலாம். ஐ.எஸ்.ஓ. 9223 என்னும் தரநிர்ணயம், பூச்சில்லாத இரும்பு முதலாண்டில் இழக்கும் தடிமனைக் கொண்டு காற்றுச் சூழலை வகைப்படுத்துகிறது. நடுத்தரமான சி-3 வகுப்பில் இழப்பு 25 முதல் 50 மைக்ரான். கடுமையான கடலோரத்தைக் குறிக்கும் சி-5 வகுப்பில் 80 முதல் 200 மைக்ரான். அதற்கும் மேலே ஒரு வகுப்பு உண்டு. கார்த் தகட்டின் தடிமன் ஏறத்தாழ 700 மைக்ரான். வகுத்தல் கணக்கை உங்களிடமே விட்டுவிடுகிறேன். (துரு படியப் படிய வேகம் குறைவதும், ஓரிடத்தில் குழியாக அரித்தால் கூடுவதும் உண்டு என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

இனி விளம்பரங்களுக்கு வருவோம். செராமிக் பூச்சின் துண்டறிக்கையில் தவறாமல் இடம்பெறும் சொல் 'ஒன்பது எச் கடினம்'. வைரத்துக்கு மோஸ் அளவுகோலில் 10. ஆகவே இது வைரத்துக்கு அடுத்தபடி என்று வாங்குபவர் எண்ணிக்கொள்கிறார். விற்பவரும் அந்த எண்ணத்தைத் திருத்துவதில்லை. உண்மையில் இது பென்சிலின் எச். நாம் படம் வரையப் பயன்படுத்தும் எச்.பி., 2 எச் வரிசையில் கடைசியாக நிற்கும் 9 எச் பென்சில் கீறவில்லை என்பதே அதன் பொருள். பென்சில் முனை கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்தது. நம் கடற்கரை மணலில் உள்ள குவார்ட்ஸோ மோஸ் அளவில் 7, கண்ணாடியையே கீறும். பென்சிலுக்குத் தப்பிய பூச்சு மணலுக்குத் தப்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மணல் படிந்த வண்டியை உலர்ந்த துணியால் துடைப்பவர் உப்புத்தாள் கொண்டு தேய்ப்பவருக்குச் சமம். எந்தப் பூச்சும் அவரைக் காப்பாற்றாது.

அடுத்தது, நீர் முத்து முத்தாக உருளும் படம். பூச்சின் பரப்பாற்றல் குறைவு, சேர்கோணம் அதிகம். ஆகவே நீர் பரவாமல் திரள்கிறது. பார்க்க அழகுதான். சாய்ந்த பரப்பில் முத்துகள் உருண்டோடி அழுக்கையும் கொண்டு செல்லும். ஆனால் தட்டையான பானெட்டில் இரவுப் பனியும் உப்பும் சேர்ந்த முத்து எங்கே போகும்? அங்கேயே நின்று, வெயிலில் சுருங்கி, தன்னிடமுள்ள உப்பையெல்லாம் ஒரு வட்டத்துக்குள் குவித்து வைக்கும். கழுவாத வண்டிக்கு இது நன்மையன்று.

மூன்றாவது, 'இத்தனை ஆயிரம் மணி நேர உப்புத்தூவல் சோதனையில் தேறியது' என்னும் வாசகம். 1939-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட பி-117 என்னும் முறையில், 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 5 விழுக்காடு உப்புநீரை மூடுபனியாக இடைவிடாமல் தெளிப்பார்கள். ஒரே தொழிற்சாலையின் இரண்டு தொகுதிச் சரக்குகளை ஒப்பிட அது பயன்படும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் வெயில் இல்லை, புற ஊதாக் கதிர் இல்லை, நனைந்து காய்ந்து மீண்டும் நனையும் சுழற்சி இல்லை. பெட்டிக்குள் ஆயிரம் மணி என்பதைப் பாம்பனில் இத்தனை ஆண்டு என்று மாற்றித் தரும் வாய்பாடு எதுவும் கிடையாது. யாராவது மாற்றிச் சொன்னால், சோதனைத் தகட்டின் பெயிண்டில் இரும்பு தெரியும்வரை கீறல் போட்டிருந்தார்களா என்று கேளுங்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் மண்டபத்தில் தகடுகளை மெய்யான கடற்காற்றில் வைத்துப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வந்திருக்கின்றனர். அரிப்பைப் பற்றி நம்பத்தக்க சான்று அத்தகைய இடத்திலிருந்தே வரவேண்டும்.

செராமிக் பூச்சு பயனற்றது என்று நான் சொல்லவில்லை. வெயிலால் மேற்பூச்சு மங்குவதை அது தள்ளிப்போடும், கழுவுவதை எளிதாக்கும். ஆனால் அதன் தடிமன் ஓரிரு மைக்ரான்தான். தொழிற்சாலையில் இட்ட பெயிண்டின் மொத்தத் தடிமன் நூறு மைக்ரானுக்குச் சற்று மேல். அந்த நூறு மைக்ரான் நன்றாக இருக்கும் இடத்தில் துரு வருவதில்லை. அது இல்லாத இடத்துக்குச் செராமிக் பூச்சு போவதேயில்லை. விற்பவரின் உத்தரவாதச் சீட்டைப் பொடி எழுத்து வரை படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அது பளபளப்புக்குத்தான் பொறுப்பேற்கும், துருவுக்கு அன்று. தடித்த பாலியூரித்தேன் படலம் கல் தெறிப்பைத் தாங்கும். முன்புறத்துக்கு மட்டும் ஒட்டுவதில் நியாயம் உண்டு, பணம் இருந்தால்.

அப்படியானால் துரு எங்கே தொடங்குகிறது? கேம்பிரிட்ஜைச் சேர்ந்த யு. ஆர். எவன்ஸ் இதை ஒரே ஒரு உப்புநீர்த் துளியைக் கொண்டு காட்டினார். தேய்த்துச் சுத்தம் செய்த இரும்பின்மேல் வைத்த துளியின் விளிம்புக்குக் காற்றிலிருந்து ஆக்சிஜன் எளிதில் கிடைக்கிறது, நடுப்பகுதிக்குக் கிடைப்பதில்லை. விளிம்பு கேத்தோடாகவும் நடுப்பகுதி ஆனோடாகவும் மாறி, ஆக்சிஜன் குறைந்த நடுவில்தான் இரும்பு கரைகிறது. இது நம் எதிர்பார்ப்புக்கு நேர்மாறானது. ஆக்சிஜன் இருக்குமிடத்தில்தானே துரு வரவேண்டும்? ஆனால் மட்கார்டுக்குள் ஒட்டிய சேற்றின் அடியிலும், இரு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பற்றவைப்பு இடுக்கிலும், தளர்ந்த பூச்சின் கீழும் தகடு ஓட்டையாவதற்கு இதுவே காரணம். காற்றுப் புகாத இடம் பத்திரமான இடம் அன்று.

இந்தப் பாடத்தை நம் ஊரிலேயே ஒரு பெரிய எடுத்துக்காட்டு கற்பிக்கிறது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம் ரிவெட் அடித்த இரும்பால் ஆனது. தகடுகளுக்கிடையே எங்கும் இடுக்குகள். இடைவிடாத பராமரிப்பால் காக்கப்பட்டு வந்த அதில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் என்னும் பூச்சு இடப்பட்டுள்ளது. செராமிக் பூச்சைப் போல இதுவும் சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பைக் கொண்டது. 'பாம்பன் பாலத்துக்கு அடித்த சரக்கின் தம்பி இது' என்று ஒரு விற்பனையாளர் சொல்லக்கூடும், உறவு பொய்யில்லை. ஆனால் பாலத்தில் மேற்பூச்சு மட்டுமா இருக்கிறது? இணைப்புகள் முழுமையாகப் பற்றவைக்கப்பட்டு இடுக்குகள் தவிர்க்கப்பட்டுள்ளன. கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் உள்ளன. மேற்பூச்சு கடைசி வரி. முதல் வரிகளை விட்டுவிட்டுக் கடைசி வரியை மட்டும் நமக்கு விற்கிறார்கள்.

நம் பட்டறைகளின் பழக்கமும் விமர்சனத்துக்குத் தப்பாது. துருவை மேலோட்டமாகச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுப்பது வழக்கம். ரெட் ஆக்சைடில் உள்ள நிறமி இரும்பு ஆக்சைடுதான். அது வெறும் தடுப்பு, துருவைத் தடுக்கும் மருந்து அன்று. கேம்பிரிட்ஜில் மேய்ன் என்பவர் 1950-களிலேயே காட்டியபடி, பெயிண்ட் படலம் நீரையும் ஆக்சிஜனையும் தாராளமாக உள்ளே விடும். அது தடுப்பது அயனிகளின் ஓட்டத்தை. படலத்தின் அடியிலேயே உப்பு இருந்துவிட்டால்? சவ்வூடுபரவலால் நீர் உள்ளே இழுக்கப்பட்டுக் கொப்புளம் எழும். ஆகவே கடலோரத்தில் பெயிண்ட் அடிப்பதன் முதற்படி, சுரண்டிய இரும்பை நல்ல தண்ணீரால் கழுவி உலர்த்துவது. இந்த ஒரு வேலைக்குக் கூலி கேட்டால் கொடுங்கள். துத்தநாகம் மிகுந்த பிரைமர் நல்லது. இரும்புக்காகத் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொள்ளும். ஆனால் அதற்குத் துத்தநாகத் துகள் இரும்பை மின்தொடர்போடு தொட்டிருக்க வேண்டும். துருவின்மேல் அடித்தால் அந்தத் தொடர்பு இல்லை, பணம் வீண்.

ரப்பர் பூச்சும் அப்படியே. புது வண்டியின் சுத்தமான அடிப்பாகத்தில் இட்டால் கல்லடியைத் தாங்கும். ஓடிய வண்டியின் உப்புக்குமேல் இட்டால், ஓரிடத்தில் உரிந்ததும் உள்ளே நீர் தேங்கி எவன்ஸின் துளி பெரிய அளவில் நடக்கும். கறுப்புப் பூச்சு அதை மறைத்தும் வைக்கும். கழிவு ஆயில் அடிக்கும் நம்மூர் வழக்கத்தை ஒரேயடியாக நான் இகழமாட்டேன். அது இடுக்குக்குள் ஊர்ந்து நீரை வெளியேற்றுகிறது என்பது சரியான இயற்பியலே. ஆனால் அது ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும், பிரேக்கில் பட்டால் ஆபத்து, சொட்டிய இடத்தில் மண்ணும் கெடும். அதே வேலையைச் செய்யும் மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெய் கிடைக்கிறது. கதவுக்குள்ளும் சேஸிஸ் பெட்டிக்குள்ளும் அதைத் தெளிக்கச் சொல்லுங்கள்.

மின்னணுப் பெட்டியைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. கப்பலின் அடிப்பாகத்தை மின்னோட்டத்தால் காப்பது மெய். ஏனெனில் கப்பலைச் சுற்றிலும் கடல்நீர் என்னும் தொடர்ச்சியான மின்பகுளி இருக்கிறது. சாலையில் நிற்கும் காரைச் சுற்றி இருப்பது காற்று. சுற்று முழுமையடையாமல் மின்னோட்டம் ஏது? இத்தகைய கருவியை விற்றவர்கள்மேல் 1990-களில் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது.

என் தேர்வைக் கேட்டால், பளபளப்புக்கு வைத்த பணத்தில் பெரும்பகுதியை அடிப்பாகத்துக்கு மாற்றுவேன். வாங்கும்போதே நாகமுலாம் பூசிய தகடு உள்ள வண்டியா என்று விசாரிப்பேன். கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளை ஒரு குச்சியால் குத்தித் திறந்து வைப்பேன். வாரம் ஒருமுறை கீழிருந்து மேலாக நீரைப் பீச்சுவேன். இங்கேதான் நம் மாவட்டத்தின் சங்கடம் வருகிறது. குடிக்கும் தண்ணீரைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்கும் ஊர்களில் வண்டிக்கு எங்கே போவது? ஆழ்துளைக் கிணற்றின் உவர்நீரால் கழுவினால், உப்பை உப்பால் கழுவியதாகும். கூரையில் பிடித்த மழைநீர் இரண்டு குடம், கையால் அடிக்கும் ஒரு மருந்துத் தெளிப்பான், இவை போதும். மேலே ஈரத் துணியால் துடைத்துவிட்டு, நீரையெல்லாம் அடியில் செலவிடுங்கள்.

மாணவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரே இரும்புத் தகட்டிலிருந்து நான்கு துண்டுகளை வெட்டித் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். முதலாவதில் அப்படியே பெயிண்ட் அடியுங்கள். இரண்டாவதில் உப்புநீர் தடவிக் காயவைத்து அதே பெயிண்டை அடியுங்கள். மூன்றாவதில் முதலில் துத்தநாகப் பிரைமர், பிறகு பெயிண்ட். நான்காவது முதலாவதைப் போன்றதே. ஆனால் வாரம் ஒருமுறை மழைநீரால் கழுவவேண்டியது. பெயிண்ட் காய்ந்தபின் நான்கிலும் இரும்பு தெரியும்படி ஒரு கீறல் போட்டு, கடற்காற்று படும் மாடியில் சாய்த்து வையுங்கள். மாதம் ஒருமுறை கீறலிலிருந்து துரு எத்தனை மில்லிமீட்டர் பெயிண்டுக்கு அடியில் ஊர்ந்திருக்கிறது என்று அளந்து குறித்து வாருங்கள், கொப்புளங்களையும் எண்ணுங்கள்.