எண்பது வாசல்கள்

‘கிளாடியேட்டர் 2’ படத்தில் கொலோசியத்தைத் தண்ணீரால் நிரப்பி, கப்பல்களை மோதவிட்டு, போதாததற்குச் சுறாமீன்களையும் நீந்தவிட்டிருப்பார் ரிட்லி ஸ்காட். 2024இல் படம் வந்தபோது எல்லோரும் சுறாவைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குச் சுறா பெரிய விஷயமாகப் படவில்லை. தரைதான் உறுத்தியது. கி.பி. 80இல் நடந்த திறப்பு விழாவில் அரங்கத்தில் நீர் நிரப்பிக் காட்சி நடத்தியதாகப் பழைய ரோமானிய எழுத்தாளர்கள் சொல்கிறார்கள். ஆனால், சில ஆண்டுகளிலேயே, டொமிஷியன் காலத்தில், அந்தத் தரைக்குக் கீழே இரண்டு அடுக்குகளில் சுவர்களும் நடைவழிகளும் கூண்டுகளும் மிருகங்களை மேலேற்றும் லிஃப்டுகளும் வந்துவிட்டன. அதற்கப்புறம் அங்கே தண்ணீர் விட முடியாது. படமோ அதிலிருந்து நூறு வருஷத்துக்கும் மேல் தள்ளி, கராகல்லா காலத்தில் நடக்கிறது.

சினிமாவில் இப்படித் தப்பு தேடுவது சின்னப்புத்தி என்று தெரியும். என் குறை வேறு. படம் அந்தக் கட்டடத்தை ஒரு பெரிய கிண்ணமாக மட்டுமே பார்க்கிறது. கேமரா மணலில் நின்று மேலே அண்ணாந்து பார்க்கும்போது ஐம்பதாயிரம் பேரும் ஒரே இரைச்சல், ஒரே முகம். அந்த ஐம்பதாயிரம் பேரை ஒரே முகமாக ஆகவிடாமல் வைத்திருப்பதுதான் அந்தக் கட்டடத்தின் முழுநேர வேலை என்பது என் வாசிப்பு.

நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் சிவில் படித்தவன். எங்களுக்குக் கொலோசியம் என்பது கான்கிரீட் பாடத்தில் வந்துபோகும் ஒரு ஸ்லைடு. 188 மீட்டர் நீளம், 156 மீட்டர் அகலம், 48 மீட்டர் உயரம். எரிமலைச் சாம்பல் கலந்த ரோமானியக் கான்கிரீட், டிராவர்டைன் கல் தூண்கள், வளைவு மேல் வளைவு. கீழ்த்தளத்தில் 80 வாசல்கள். அவற்றில் 76க்கு எண் உண்டு. எஞ்சி நிற்கும் வடபக்கச் சுவரில் அந்த ரோமானிய எண்களை இன்றைக்கும் வாசிக்கலாம். வாசல் எண்ணைப் பார்த்து நுழைந்தால், அதற்கான படிக்கட்டு, அதற்கான நடைவழி, அதற்கான வரிசை. இருக்கைப் பகுதிக்குள் திறக்கும் வழிக்கு லத்தீனில் ‘வொமிட்டோரியம்’ என்று பெயர். கூட்டத்தை வெளியே கக்குகிற துவாரம். (ரோமானியர்கள் விருந்துக்கு நடுவே போய் வாந்தி எடுத்த அறை என்று சொல்வதெல்லாம் கட்டுக்கதை.) இன்றைக்கும் ஸ்டேடியம் வரைபடங்களில் அந்தச் சொல் உயிரோடு இருக்கிறது. பொறியியல் மாணவர்கள் வியப்பது இதைத்தான். வியக்கட்டும், தகும்.

ஆனால் அந்த வழிகள் யாரை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தன என்று ஸ்லைடு சொல்வதில்லை. கொலோசியம் எழுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அகஸ்டஸ் இருக்கை ஒழுங்கைச் சட்டமாக்கியிருந்தார். சுவெட்டோனியஸ் அதை விவரமாகவே எழுதியிருக்கிறார். முதல் வரிசை செனட்டர்களுக்கு. படைவீரருக்கும் குடிமக்களுக்கும் தனித்தனி இடம். மணமான ஆண்களுக்கு ஒரு பகுதி. சிறுவர்களுக்கு ஒரு பகுதி, அவர்களுடைய ஆசிரியர்களுக்குப் பக்கத்திலேயே ஒன்று. கறுத்த உடை உடுத்தியவர் நடுப்பகுதியில் உட்காரக்கூடாது. பெண்கள் கிளாடியேட்டர் சண்டையை உச்சியிலிருந்துதான் பார்க்கலாம். வெஸ்டா கோயில் கன்னியருக்கு மட்டும் கீழே தனி இடம். கொலோசியத்தில் இந்தப் பட்டியல் கல்லாகவே மாறுகிறது. கீழே பளிங்கு, உச்சியில் மரப்பலகை. ஆர்வல் சகோதரர்கள் என்ற பூசாரிக் குழுவுக்கு 80ஆம் ஆண்டில் ஒதுக்கப்பட்ட இடத்தின் கணக்குக் கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. மூன்று மட்டங்களில் பிரித்து, அடிக்கணக்கில், மொத்தம் ஏறக்குறைய 129 அடி. ஒரே குழுவுக்குள்ளேயே யார் பளிங்கில், யார் பலகையில் என்று அளந்து கொடுத்திருக்கிறார்கள்!

அப்படியானால், செனட்டரும் ஏழையும் ஒரே படிக்கட்டில் உரசிக்கொள்ளாமல் போகும்படி போட்ட நடைவழியைத்தான் நாம் நெரிசல் தவிர்க்கும் வடிவமைப்பு என்று பாராட்டிக்கொண்டிருக்கிறோம். இரண்டுக்கும் வரைபடம் ஒன்றே. கூட்டம் சீக்கிரம் கலைந்தது உண்மை; கலப்பே இல்லாததால்தான் அவ்வளவு சீக்கிரம் கலைந்தது.

இதைச் சொன்னபோது கூடப் படித்த நண்பன் மடக்கினான். “புக்கிட் ஜாலிலுக்குப் போனாலும் விஐபி பாக்ஸ் இருக்குதானே? இதுல என்னடா புதுசு?” நியாயமான கேள்விதான். ஆனால் புக்கிட் ஜாலிலில் காசு இருந்தால் டிக்கெட்டை மாற்றிக்கொள்ளலாம். ரோமில் அனுமதி பெரும்பாலும் இலவசம். இலவசம் என்பதாலேயே இடத்தை விலைகொடுத்து மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. பிறப்பு, பால், உடை ஆகியவைதான் டிக்கெட்.

கட்டடத்தின் வடிவத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நாடக அரங்கு அரைவட்டம். பார்வையாளருக்கு எதிரே மேடை, மேடைக்குப் பின்னால் சுவர். ஆம்பிதியேட்டர் என்றால் இருபுறமும் பார்க்குமிடம் என்று பொருள். அங்கே பின்சுவர் கிடையாது. சண்டையிடுபவனுக்குப் பின்னால் உங்கள் கண்ணில் படுவது எதிர்வரிசை மக்கள்தான். கீழே வெள்ளை டோகா, மேலே போகப் போகக் கறுப்பு. ஒரு மனிதன் சாவதைப் பார்க்கும் அதே பார்வையில் தன் சமூகத்தின் குறுக்குவெட்டுத் தோற்றத்தையும் ஒவ்வொருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேரரசரும் இதில் தப்பவில்லை. அவரும் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில்தான் உட்கார வேண்டும். கூட்டம் அவரிடம் கத்திக் கோரிக்கை வைக்கும்.  கட்டடத்தில் எனக்குப் பிடித்த ஒரே ஓட்டை அது.

கொலோசியத்துக்கு முன்னால் நடந்த ஒரு விபத்தைத் தெரிந்துகொள்ளாமல் அதன் பிரம்மாண்டத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்று நினைக்கிறேன். கி.பி. 27. ரோமுக்குப் பக்கத்தில் ஃபிடேனே என்ற ஊர். அடிமையாக இருந்து விடுதலையான அட்டிலியுஸ் என்பவன் மரத்தில் ஓர் ஆம்பிதியேட்டர் கட்டினான். டைபீரியஸுக்கு இந்த மாதிரிக் கேளிக்கைகள் பிடிக்காது. அதனால் காட்சிக்கு ஏங்கிக் கிடந்த ரோம் மக்கள் அங்கே திரண்டார்கள். கட்டடம் சரிந்தது. இறந்தவர்களும் காயம்பட்டவர்களும் ஐம்பதாயிரம் என்கிறார் டாசிட்டஸ்; இறந்தவர்கள் மட்டுமே இருபதாயிரத்துக்கு மேல் என்கிறார் சுவெட்டோனியஸ். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் டாசிட்டஸ் சொல்லும் காரணம் இன்றைய விபத்து அறிக்கை போலவே இருக்கிறது: உறுதியான நிலத்தில் அஸ்திவாரம் போடவில்லை, மரச்சட்டங்களின் இணைப்பு பலமாக இல்லை, கட்டியவனுக்கு லாபம் மட்டுமே குறி. 2009இல் திரெங்கானுவில் ஸ்டேடியம் கூரை விழுந்த படங்களைப் பார்த்து வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு அந்த வரிகள் பழையதாகத் தெரியாது. அங்கே நல்லவேளையாக யாரும் சாகவில்லை.

ஃபிடேனேக்குப் பிறகு செனட் இரண்டு விதிகள் போட்டது. நிலத்தின் உறுதியைச் சோதிக்காமல் ஆம்பிதியேட்டர் கட்டக்கூடாது. நான்கு லட்சம் செஸ்டர்ஸுக்குக் குறைவாகச் சொத்துள்ளவர் கிளாடியேட்டர் காட்சி நடத்தக்கூடாது. முதல் விதி மண் பரிசோதனை. என் தொழிலுக்கு அது பாட்டன் முப்பாட்டன் மாதிரி. இரண்டாவது விதி அந்தஸ்துப் பரிசோதனை. நான்கு லட்சம் என்பது குதிரைவீரர் வகுப்புக்கான சொத்து வரம்பு. ஒரே தீர்மானத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஏழைக்கு ஆசை வந்ததால் கட்டடம் விழுந்தது என்பது செனட்டின் தொழில்நுட்ப முடிவு. அட்டிலியுஸை நாடு கடத்தினார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பணக்காரன் கட்டினால் விழாது என்று எந்த மண்ணும் உத்தரவாதம் கொடுத்ததில்லை.

சுமார் 45 வருஷம் கழித்து வெஸ்பாசியன், நீரோவின் அரண்மனைக் குளம் இருந்த இடத்திலேயே, பன்னிரண்டு மீட்டருக்கும் மேல் ஆழமாகக் கான்கிரீட் அஸ்திவாரம் போட்டுக் கட்ட ஆரம்பித்தார். ஃபிடேனேயின் பயம் அந்த ஆழத்தில் தெரிகிறது. பணம் எங்கிருந்து வந்தது? அங்கே கிடைத்த ஒரு கல்லில், முன்பு பதித்திருந்த உலோக எழுத்துகளின் துளைகளை வைத்து கேசா ஆல்ஃபோல்டி என்ற அறிஞர் பழைய வாசகத்தை மீட்டெடுத்தார். போர்க்கொள்ளையிலிருந்து கட்டப்பட்டது என்பது அதன் பொருள். 70இல் எரிந்த ஜெருசலேமின் செல்வம் அது என்பதே பொதுவான கருத்து. நீரோ பிடுங்கியதை மக்களுக்குத் திருப்பிக் கொடுத்த பேரரசர் என்று வெஸ்பாசியனைப் புகழ்வார்கள். இன்னொரு மக்களிடம் பிடுங்கியதை வைத்துத்தான் கொடுத்தார்.

‘அரீனா’ என்றால் லத்தீனில் மணல். ரத்தத்தை உறிஞ்சுவதற்காகப் பலகை மேல் கொட்டிய மணல். அந்தப் பலகைக்கு அடியில் விளக்கு வெளிச்சத்தில் ஆட்கள் நின்று, மரச் சுழல்தண்டைத் தள்ளித் தள்ளிக் கூண்டை மேலே ஏற்றினார்கள். 2015இல் அந்த லிஃப்டுகளில் ஒன்றை மரத்திலேயே மறுபடி செய்து அங்கே நிறுத்தினார்கள். சுறா வேண்டாம், ஸ்காட் அதைக் கொஞ்ச நேரம் காட்டியிருக்கலாம். எண்பது வாசலில் எதன் வழியாகவும் வராத ஆட்கள் அவர்கள். இருக்கை ஒழுங்கில் அவர்களுக்கு உச்சி மரப்பலகைகூட இல்லை. கூண்டு மேலே போய்ச் சேர்ந்ததும், கூரைப் பொறி திறந்து வெளிச்சம் விழும். மூடும்போது தலையில் கொஞ்சம் மணல் விழும்.