உப்புக்காற்றும் மலையிறக்கமும்: கேலிப்பருக்கு எந்தப் பூச்சு?

மாருதி ஆல்டோவைத் தமிழ்நாட்டின் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். இந்தியாவிலிருந்து இறக்குமதியான ஆல்டோக்கள் இலங்கையின் ஊர்ச்சாலைகளிலும் ஏராளம். இரண்டு நாட்டிலும் அதன் முன்சக்கரத்துக்குள் இருந்து பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர் வார்ப்பிரும்பால் ஆனது. வேதாரணியத்து உப்பளக் காற்றும் ஆனையிறவு உப்பளக் காற்றும் அந்த இரும்புக்குச் செய்யும் கேடு ஒன்றுதான். ஆனால் துரு ஏறிய கேலிப்பரை என்ன செய்வது, அதற்கு எந்தப் பூச்சு நிலைக்கும் என்று கேட்டால் பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் வேறுவேறு பதில்கள் வருகின்றன. இரண்டிலும் கற்க வேண்டியது இருக்கிறது. கைவிட வேண்டியதும் இருக்கிறது.

பலர் இதை அழகு சார்ந்த விஷயமாகவே எண்ணுகிறார்கள். அலாய் வீலின் இடைவெளியில் சிவப்போ மஞ்சளோ தெரிந்தால் வண்டிக்கு எடுப்பு என்பது அவர்கள் கணக்கு. கேலிப்பரின் துருவோ உயிரோடு சம்பந்தப்பட்டது. பிரேக் பேட் நகரும் காடியில் துரு பருத்தால் பேட் சிக்கிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் தேயும். பிரேக் மிதித்ததும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறையின் விளிம்பில் துரு ஏறினால் உறை தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு வழிவிடும். அதன்பிறகு பிஸ்டன் இறுகுவது காலத்தின் கேள்வி மட்டுமே. ஆகவே பூச்சைத் தேர்வது பாதுகாப்பு வேலையின் ஒரு பகுதி.

எதை எதிர்த்து நிற்க வேண்டும்?

கடையில் கேலிப்பர் பெயின்ட் கேட்டால் முதலில் டப்பாவில் அச்சிட்டிருக்கும் வெப்ப அளவைத்தான் காட்டுவார்கள்: 600 டிகிரி தாங்கும், 650 டிகிரி தாங்கும் என்று. தேர்வு தவறுவது பெரும்பாலும் இங்கேதான். கடுமையாகப் பிரேக் பிடிக்கையில் தட்டு 300, 400 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். கேலிப்பர் அவ்வளவு சூடாவதில்லை. நகர ஓட்டத்தில் அதன் உடல் பெரும்பாலும் 100 டிகிரியைக்கூட எட்டாது. ஈரம் உறிஞ்சிய டாட் 3 பிரேக் ஆயிலுக்குத் தரம் கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை 140 டிகிரி. டாட் 4-க்கு 155 டிகிரி. கேலிப்பர் வழக்கமாகவே 300 டிகிரிக்குப் போகுமானால் உள்ளே ஆயில் கொதித்துப் பிரேக்கே இல்லாமல் போயிருக்கும்.

மலையிறக்கத்தில் வெப்பம் கூடும் என்பது உண்மைதான். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரத்தில் ஊட்டி இருக்கிறது. நுவரெலியா சுமார் 1868 மீட்டரில். 1200 கிலோ எடையுள்ள கார் 1900 மீட்டர் கீழே இறங்கும்போது விடுபடும் ஆற்றல், அறை வெப்பத்தில் இருக்கும் சுமார் 75 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. தாழ்ந்த கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சினும் காற்றும் ஏற்றுக்கொள்ளும். எல்லாவற்றையும் பிரேக் மீதே போட்டால் கேலிப்பர் 200 டிகிரியை நெருங்கலாம். ஆகவே 200 டிகிரி தாங்கும் பூச்சு பெரும்பாலான கார்களுக்குப் போதும்.

பூச்சைத் தின்பவை வேறு மூன்று: உப்பும் ஈரமும், டயர் வீசியெறியும் கல்லும் மணலும், பிரேக் ஆயில். கிளைக்கால் வகையைச் சேர்ந்த டாட் 3, டாட் 4 ஆயில்கள் சாதாரண பெயின்டை உரித்தெடுத்துவிடும். பிளீடர் நிப்பிளைத் திறந்து காற்று எடுக்கும்போது சொட்டும் ஆயிலைத் துடைக்காமல் விட்டால் போதும், அந்த இடத்தில் பூச்சு சுருங்கி எழும். இந்த மூன்றையும் தாங்குமா என்று கேட்ட பிறகுதான் வெப்ப அளவைக் கேட்க வேண்டும்.

இந்தியாவில்: தொழில் பக்கத்தில், பொறுமை தூரத்தில்

இந்தியாவின் பெரும் வசதி, கேலிப்பர் அங்கேயே பிறக்கிறது என்பது. 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா சென்னை பாடியில் இருக்கிறது. அதன் வார்ப்படச் சாலை சோளிங்கரில். புதிய கேலிப்பரோ பழுதுபார்க்கும் கிட்டோ தேடிப் பெரிதாக அலைய வேண்டியதில்லை. பழையது வேண்டுமென்றால் சென்னைக்குப் புதுப்பேட்டை. அம்பத்தூரிலும் கோயம்புத்தூரிலும் பவுடர் கோட்டிங், துத்தநாக முலாம், மணல்வீச்சு செய்யும் பட்டறைகள் ஒன்றையொட்டி ஒன்று இருக்கின்றன. ஒரு தொழிற்சாலை செய்யும் வேலையை ஒற்றைக் கேலிப்பருக்கும் செய்துதர ஆள் உண்டு.

ஆனால் இந்த வசதியை உரிமையாளர்கள் பயன்படுத்துவது குறைவு. நகரத்து வழக்கம் இரண்டு. ஒன்று, சக்கரத்தைக் கழற்றி, கேலிப்பரை வண்டியிலேயே வைத்து, சுற்றிலும் செய்தித்தாள் ஒட்டிச் சிவப்பு ஸ்பிரே அடிப்பது. மற்றொன்று, "சார், கவர் மாட்டிட்டா சூப்பரா இருக்கும்" என்று சொல்லி, பந்தயக் கார் கேலிப்பர் போலத் தோற்றம் தரும் உறையை மேலே ஒட்டுவது. இரண்டாவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். உறைக்குள் சேறும் ஈரமும் தங்கும். கேலிப்பர் மீது காற்றுப் படுவது குறையும். பிடி தளர்ந்தால் உறை சுழலும் சக்கரத்தில் போய் மோதும். துருவைக் கண்ணிலிருந்து மறைப்பதைத் தவிர அது வேறெதுவும் செய்வதில்லை.

சட்டமும் கேலிப்பரின் நிலையைக் கவனிப்பதில்லை. இந்தியாவில் சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். எஃப்சி எனப்படும் தகுதிச் சான்று காட்டும் கட்டாயம் அதன்பிறகே வருகிறது. அதுவரை கேட்கப்படுவது புகைச் சான்று. 14 வயதுக் காரின் கேலிப்பர் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அதன் உரிமையாளர்தான் பார்க்க வேண்டும்.

இலங்கையில்: கழற்றும் கை, கைக்கெட்டிய டப்பா

இலங்கையின் நிலைமை வேறு. அங்கே கார் என்பது பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வரும் பயன்படுத்திய வண்டி. ஜப்பானின் வடபகுதியில் பனிக்காலச் சாலைகளில் உப்புத் தூவுவார்கள். அங்கே ஓடிய வண்டி இலங்கைத் துறைமுகத்தில் இறங்கும்போதே அடிப்பகுதியில் துருவோடு இறங்கலாம். ஜப்பானிய ஏலத்தாளில் அடிப்பகுதித் துரு குறிக்கப்பட்டிருக்கிறதா என்று வாங்குபவர்கள் தேடுவது இதனால்தான். அதன்பிறகு யாழ்ப்பாணத்தின் பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவுப்பகுதிக்குப் போய்வரும் வண்டிக்குக் கடலேரிக்காற்று, காலி நகருக்கான கரையோர வீதியில் ஓடும் வண்டிக்குக் கடற்காற்று, கொழும்புக்கு நீண்ட தென்மேற்குப் பருவமழை. துருவுக்கு எல்லாமே துணை நிற்கின்றன.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பிப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் இருந்த வண்டியைக் காப்பாற்றுவதைத் தவிர வழியில்லை. வண்டியைத் தூக்கியெறியாமல் பிரித்துப் பார்த்துச் சரிசெய்யும் பழக்கம் முன்பே இருந்தது. அந்த ஆண்டுகள் அதை மேலும் ஆழமாக்கின. நல்ல கராஜ்களில் கேலிப்பரை முழுவதும் பிரிப்பார்கள். பிஸ்டனை வெளியே எடுத்துத் துளையைப் பார்ப்பார்கள். சீலும் உறையும் புதிதாகப் போடுவார்கள். கொழும்பின் பஞ்சிகாவத்தையில் பொருத்தமான பழைய கேலிப்பரைத் தேடி எடுத்து, இரண்டிலிருந்து ஒன்றைத் தேற்றுகிறவர்களும் உண்டு. பூச்சு நிலைப்பதற்கு இந்தப் பிரிப்புதான் அடிப்படை. இந்தியாவின் பல கடைகளில் இதைக் காண்பதரிது.

குறை கடைசிப் படியில் வருகிறது. இவ்வளவு பொறுமையாகப் பிரித்த கேலிப்பருக்கு "அண்ணை, கறளைத் தட்டிப்போட்டு ஸ்பிரே அடிச்சாக் காணும்" என்று சொல்லி, சைலன்சருக்கு அடிக்கும் வெப்ப பெயின்டை அடித்துவிடுகிறார்கள். அது சிலிக்கோன் வகைப் பெயின்ட். 200 டிகிரி அளவில் சூடாக்கி இறுகவைத்தால்தான் அதன் முழுப் பலம் வெளிப்படும். சைலன்சர் தன் சூட்டிலேயே அதை இறுக்கிக்கொள்ளும். கேலிப்பர் அந்தச் சூட்டை அடைவதில்லை. பெயின்ட் முழுதாக இறுகாமலே இருக்கும். முதல் சொட்டுப் பிரேக் ஆயிலில் கரையும். சில மழைக்காலங்களில் கறள், அதாவது துரு, மீண்டும் மேலே வரும்.

இலங்கையிலும் அரசின் கண் இங்கே படுவதில்லை. சொந்தக் காரின் ஆண்டு வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றும் காப்புறுதியும் கேட்கப்படும்; பிரேக்கை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

எந்தப் பூச்சு எவ்வளவு தாங்கும்?

துத்தநாக முலாம்: தொழிற்சாலையிலிருந்து வரும் வார்ப்பிரும்புக் கேலிப்பர்கள் பலவற்றில் இருப்பது இதுதான். கல் பட்டுக் கீறினாலும் துத்தநாகம் தான் முதலில் அரிக்கப்பட்டு இரும்பைக் காக்கும். பெயின்டால் இதைச் செய்ய முடியாது. கனம் 10 மைக்ரான் அளவே என்பதால் பாகங்களின் பொருத்தம் கெடாது. பிரேக் ஆயிலும் இதை உரிக்காது. பட்டறையில் இரண்டு விஷயம் கேளுங்கள். வார்ப்பிரும்பில் முலாம் ஏறுவது கடினம். அதற்கு அமிலக் குளோரைடு தொட்டி ஏற்றது. மேலே தரும் குரோமேட் படலம் மூவிணை (டிரைவேலன்ட்) வகையாக இருக்கட்டும். பழைய மஞ்சள் ஆறிணைப் படலம் நச்சுள்ளது. 70 டிகிரிக்கு மேல் வெடித்துப் பலமிழப்பதால் கேலிப்பருக்குப் பொருந்தவும் பொருந்தாது.

பவுடர் கோட்டிங்: 60 முதல் 80 மைக்ரான் கனம், கல்லடி தாங்கும், பிரேக் ஆயிலையும் ஓரளவு நன்றாகவே தாங்கும். ஆனால் 180 முதல் 200 டிகிரி சூளையில் வேகவைக்க வேண்டும். சீலும் ரப்பரும் அந்தச் சூட்டில் கெட்டுவிடும். உள்ளே ஆயில் மிச்சமிருந்தால் ஆபத்து. ஆகவே முழுவதும் பிரித்த கேலிப்பருக்கு மட்டுமே இது. பழைய வார்ப்பிரும்பு எண்ணெயையும் வாயுவையும் உள்ளே வைத்திருக்கும். பவுடர் தூவுமுன் ஒருமுறை வெறுமனே சூடாக்கி அதை வெளியேற்றாவிட்டால் பூச்சில் ஊசித்துளைகள் விழும். அந்தத் துளைகளின் வழியே உப்பு நுழையும்.

செராமிக் பூச்சு: 25 மைக்ரான் அளவே கனம்; வெப்பத்தையும் ரசாயனத்தையும் நன்கு தாங்கும். மலையில் அடிக்கடி ஓடும் வண்டிக்கும் பந்தயத் தடத்தில் ஓடுவதற்கும் இதுவே சிறந்தது. விலை அதிகம், மணல்வீச்சுச் சரியாக அமையாவிட்டால் கொடுத்த காசு வீண். வண்டியின் உடலுக்கு அடிக்கும் செராமிக் மெழுகுப் பூச்சை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இரண்டு பாக எப்பாக்சி: ரெசினையும் கெட்டிப்படுத்தியையும் கலந்து தூரிகையால் பூசும் கேலிப்பர் பெயின்ட், அல்லது எப்பாக்சி பிரைமர் மேல் டூ-கே எனப்படும் இரண்டு பாகக் கார் பெயின்ட். இவை ரசாயன வினையால் இறுகுவதால் சூளை வேண்டாம். பிரேக் ஆயிலை ஸ்பிரே டப்பாப் பெயின்டைவிட வெகுவாகத் தாங்கும். கார் பெயின்ட் விற்கும் கடை உள்ள எந்த ஊரிலும், சென்னையானாலும் யாழ்ப்பாணமானாலும், பிரைமரும் டூ-கே-யும் கிடைக்கும். ஒற்றை டப்பா ஸ்பிரே இந்த வரிசையில் கடைசி.

அலுமினியக் கேலிப்பர் என்றால் கதை வேறு. அதற்குக் கடின அனோடைசிங் பொருந்தும், வார்ப்பிரும்புக்கு அது ஆகாது.

பூசக் கூடாத இடங்கள்

எந்தப் பூச்சானாலும் பிஸ்டன் துளை, சீல் உட்காரும் பள்ளம், ஸ்லைடு பின் துளை, பேட் நகரும் காடி, பிரேக் ஹோஸ் அமரும் முகம், வண்டியோடு போல்ட் இறுகும் முகம் ஆகியவற்றை மறைத்துவிட வேண்டும். போல்ட்டுக்கு அடியில் கனமான பூச்சு இருந்தால் சூட்டில் அது அமுங்கும், இறுக்கம் தளரும். சீல் பள்ளத்தில் பூச்சு ஏறினால் பிஸ்டன் திரும்பாது, பேட் தட்டை உரசிக்கொண்டே இருக்கும்.

இரு நாட்டிலும் உள்ள ஒரு கெட்ட பழக்கத்தையும் சொல்ல வேண்டும்: பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் கேலிப்பரைக் கழுவுவது. பிரேக் சீல்கள் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அது ஊதிப் பெருக்கும். பிரேக் கிளீனரால் வெறும் இரும்பைக் கழுவலாம். ரப்பரைப் பொருத்தும்போது புதிய பிரேக் ஆயிலைத் தவிர வேறெதையும் தொடவிடாதீர்கள். பழைய பேட்களில் கல்நார் இருந்திருக்கலாம் என்பதால் தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடாமல் நனைத்துத் துடையுங்கள்.

முடிவு

இலங்கையின் பிரிக்கும் பொறுமையும் இந்தியாவின் முலாம் தொட்டியும் ஒன்று சேர்ந்தால் கிடைப்பதே சரியான வேலை. கடலோரத்தில் இருப்பவர், நாகப்பட்டினமானாலும் காரைநகரானாலும், கேலிப்பரைப் பிரித்து, மணல்வீசி, மூவிணைப் படலத்தோடு துத்தநாக முலாம் ஏற்றி, புதிய கிட் போடட்டும். வண்ணம் வேண்டுமென்றால் அதன்மேல் எப்பாக்சி பூசட்டும். முலாம் பட்டறை எட்டாத ஊரில், துருவை வெறும் இரும்பு தெரியும்வரை நீக்கி எப்பாக்சி பிரைமரும் டூ-கே-யும் போதும். கொல்லிமலையின் 70 கொண்டையூசி வளைவுகளிலோ மஹியங்கனைப் பதினெட்டு வளைவிலோ தினம் இறங்குகிறவர் செராமிக்கை யோசிக்கலாம்; தாழ்ந்த கியரைப் பழகுவது அதைவிட முக்கியம். அடுத்தமுறை டயர் மாற்றச் சக்கரத்தைக் கழற்றும்போது, திரும்ப மாட்டுமுன் ஒரு நிமிடம் கேலிப்பரைப் பாருங்கள். அதைப் பார்க்க இரு நாட்டிலும் உங்களைத் தவிர வேறு யாரும் வரப்போவதில்லை.