துருப்பிடித்த பாத்திரமும் ‘திறமை’ என்கிற பேச்சும்

“அவனுக்கு என்ன சார் வேலை தெரியும், கோட்டாவுல வந்தவன்தானே.” ஆபீஸில் வேலை பார்க்கிற நம்மாட்கள் யாரைக் கேட்டாலும் இந்தப் பேச்சைத் தங்கள் காதால் கேட்டதாகச் சொல்வார்கள். இதை மனசில் வைத்துக்கொண்டு அம்பேத்கரின் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ பிரதியை மறுபடி வாசித்தேன். நாம் இதை அவமானங்களின் பதிவாக வாசித்து, மனசு கனத்து, மூடி வைத்துவிடுகிறோம். அதன் கடைசிப் பகுதியில் ஓர் அலுவலகம் இருக்கிறது. ஒருவனை வேலை செய்யவிடாமல் ஆக்குவது எப்படி என்கிற முழு விவரமும் அங்கே இருக்கிறது.

1938 மார்ச் 6 அன்று பம்பாய் தாதரில் நடந்த கூட்டமொன்றில் பங்கி சமூகத்து இளைஞர் ஒருவர் தன் கதையைச் சொல்கிறார். (நூல் 1935-36இல் எழுதப்பட்டது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறவர்கள் இந்தத் தேதியைக் கவனிப்பதில்லை. இந்தப் பகுதியாவது பிற்பாடு எழுதியதாகத்தான் இருக்க முடியும்.) 1936 பிப்ரவரியில் குஜராத்தின் கேடா மாவட்டம் போர்சாத் தாலுகா அலுவலகத்தில் அவருக்குத் தலாத்தி வேலை கிடைக்கிறது. நம்ம பக்கம் பரம்பரைக் கர்ணம் பார்த்து, 1980க்குப் பிறகு வி.ஏ.ஓ. பார்க்கிற வேலை மாதிரி.

ஆபீஸில் எல்லோருக்கும் பொதுவான கேன்களில் தண்ணீர். இவருக்கென்று தனியாக ஒரு துருப்பிடித்த பாத்திரம். அதையும் தண்ணீர்க்காரன்தான் வந்து ஊற்ற வேண்டும். இவர் வருகிறார் என்று தெரிந்தால் அவன் மெல்ல நழுவிவிடுவான். நாக்கு வறண்டு எத்தனையோ நாள். தங்க வீடில்லை, சோறு போட ஆளில்லை. கடையில் பஜ்ஜி வாங்கி ஊருக்கு வெளியே போய்த் தின்றுவிட்டு, நாலு ராத்திரி ஆபீஸ் தாழ்வாரத்திலேயே படுக்கிறார். பிறகு ஆறு மைல் தள்ளியிருந்த தன் பூர்வீக ஊரிலிருந்து ஒன்றரை மாசம் தினமும் நடந்து வருகிறார். இப்படி நடந்து வந்து உட்காருகிறவனின் கையெழுத்து எப்படி இருக்கும், கூட்டல் கழித்தல் எப்படி இருக்கும்?

வேலை பழகட்டும் என்று தாசில்தார் அவரை இன்னொரு தலாத்தியிடம் அனுப்புகிறார். தண்ணீர்க்காரனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டதாகப் பிரதியில் இல்லை. ஆளை இடம் மாற்றிவிட்டால் சிக்கல் தீர்ந்தது! அந்தத் தலாத்தி இரண்டு மாசம் ஒன்றுமே சொல்லித்தரவில்லை. கிராம ஆபீஸுக்குள் இவர் ஒருநாள்கூட நுழையவில்லை. என்னைக் கேட்டால் மொத்த நூலிலும் அதிகம் வலிக்கிற இடம் இதுதான். அரிவாளும் வசவும் இதற்குப் பிறகுதான் வருகின்றன. மக்கள்தொகைப் பட்டியல் எடுக்கக் கூப்பிட்டுவிட்டு வாசலில் கால்மணி நேரம் நிற்க வைக்கிறார்கள். கோபத்தில் அவர் அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். கூட்டம் சூழ்ந்துகொள்கிறது. தலைமை தாங்கி வந்தவர் ஊர் நூலகர், படித்த மனுசன். வேலையை விட்டுவிடுகிறேன் என்று கெஞ்சி, இருட்டுகிற நேரத்துக்குத்தான் விடுபடுகிறார்.

ஆபீஸ் வேலையைப் புஸ்தகம் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. பக்கத்து மேசைக்காரன் சொல்லித்தர வேண்டும், பழைய ஃபைலை எடுத்துக் காட்ட வேண்டும். நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த இடத்தில் முதல் ஆறு மாசம் தபால் பதிவேட்டைத் தவிர வேறெதையும் என் கையில் கொடுக்கவில்லை. ஏழாம் மாசம் மெமோ வந்தது: மாதாந்திர அறிக்கை தயாரிக்கத் தெரியவில்லையாம்.

நிர்வாகவியல் படிக்கிற மாணவர்களுக்கு சிகாகோ பக்கத்து ஹாதார்ன் ஆலையின் கதையைச் சொல்லித்தருகிறார்கள். 1927இல் அங்கே சில பெண் தொழிலாளிகளைத் தனியறையில் உட்கார வைத்துப் பரிசோதித்தார்கள். வேலை கூடியதற்குக் காரணம் அவர்கள்மீது காட்டிய அக்கறையும் குழு உறவும்தான் என்று எல்டன் மேயோ கூட்டம் எழுதி வைத்தது. அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று இரண்டு பெண்களை 1928இல் அறையிலிருந்து வெளியேற்றி வேறு ஆள் போட்டதைப் பலர் சொல்வதில்லை. யாரை வெளியே தள்ளி அந்த நல்லுறவு வந்தது என்று அங்கேயே கேட்டிருக்கலாம். போர்சாத் ஆபீஸிலும் நல்லுறவுக்குக் குறைச்சலே இல்லை. எழுத்தர், தண்ணீர்க்காரன், தலாத்தி, ஊர்த்தலைவர், நூலகர் எல்லோரும் எவ்வளவு ஒற்றுமை! ஒரே ஆளுக்கு எதிராக.

இடஒதுக்கீட்டால் வேலைத்தரம் கெடுகிறது என்கிற பேச்சைப் புள்ளிவிவரத்தோடு சோதித்தவர்கள் உண்டு. அஸ்வினி தேஷ்பாண்டேயும் தாமஸ் வைஸ்காஃபும் இந்திய ரயில்வேயின் எட்டு மண்டலங்களில் 1980 முதல் 2002 வரையிலான கணக்கை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். தலித், பழங்குடி ஊழியர்கள் கூடியதால் உற்பத்தித்திறன் குறைந்ததற்குச் சான்று இல்லை. மேல்நிலைப் பதவிகளில் கூடியிருப்பதற்கே அறிகுறி இருந்தது. இதை மேசையில் போட்டாலும் ‘கோட்டா’க்காரன் வாயை மூட மாட்டான் என்பது வேறு விஷயம்.

நம் தன்வரலாறுகளில் சேரி இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, விடுதி இருக்கிறது. சம்பளம் வாங்கிய முப்பது வருஷம் மட்டும் இரண்டு பக்கத்தில் முடிந்துபோகிறது. தோழர்களே, உங்களுக்கு வேலை சொல்லித்தந்தது யார், ஃபைலை ஒளித்து வைத்தது யார், உங்கள் டம்ளர் எங்கே தொங்கியது என்று எழுதுங்கள். தேதியோடு எழுதுங்கள்.