பனி நாட்டு வீட்டின் வாசல்

நைனார்பாளையத்தில் மனை வாங்குகிறவர் வாஸ்து பார்க்கிறாரோ இல்லையோ, மேற்கு வெயிலைப் பார்த்துவிடுவார். சித்திரையில் மேற்குச் சுவர் வாங்கி வைத்த சூடு ராத்திரிச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் இறங்காது. அதனால்தான் பழைய ஓட்டு வீடுகளில் தெருப்பக்கம் திண்ணை, அதன்மேல் தணிந்து இறங்கிய தாழ்வாரம், வாசலில் ஒரு வேம்போ புங்கனோ இருந்தன. கொத்தனார் கரண்டியைக் கையில் எடுக்கும் முன்பே வீட்டின் பாதி வேலை வெளியே முடிந்திருக்கும். இன்றைய மெத்தை வீடுகள் வாசலைக் கார் நிறுத்தக் கொடுத்துவிட்டு, உள்ளே ஏசி மாட்டிக்கொள்கின்றன.

வெயிலை விரட்ட நாம் போட்ட கணக்கை, வெயிலைப் பிடித்து வைக்கத் தலைகீழாகப் போடுகிற ஊர்கள் இருக்கின்றன. நம் பக்கத்துப் பிள்ளைகள் பட்டாளத்தில் சேர்ந்து லே, கார்கில் என்று போகிறார்கள். ஈழத் தமிழர் பலர் டொரன்டோவிலும் ஆஸ்லோவிலும் வீடு வாங்கி ஒரு தலைமுறை கடந்துவிட்டது. அங்கெல்லாம் வீட்டைச் சுற்றியுள்ள இடத்தை எப்படி அமைக்கிறார்கள் என்பதில் தெளிவான மரபுகள் உண்டு. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத மரபுகளும் உண்டு. அவற்றை அளக்கிற விதிமுறைகள்தான் சுவரோடும் கூரையோடும் நின்றுவிடுகின்றன.

குளிரைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. கல்வராயன் மலையில் மார்கழி விடியலில் வெள்ளிமலைப் பக்கம் நின்றால் பல் தந்தியடிக்கும். ஆனால் தண்ணீர் உறைவதில்லை. தமிழ்நாட்டில் தண்ணீர் உறைகிற குளிர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது நீலகிரி. டிசம்பர், ஜனவரியில் உதகையின் பள்ளப் புல்வெளிகள் விடியற்காலை வெளுத்துக் கிடக்கும். மேட்டில் அவ்வளவு இருக்காது. குளிர்ந்த காற்று கனமானது; இரவில் அது தண்ணீர் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. படகர்களின் ஊர்களான ஹட்டிகள் சரிவில் வரிசை பிடித்து நிற்பதைப் பார்த்தால் குளிர்நாட்டு மனைத் தேர்வின் முதல் பாடம் புரியும். தோடர் குடியிருப்பான மந்தில் உள்ள பழைய வீடு அரை உருளை வடிவம். வாசல் தவழ்ந்து நுழைகிற அளவுதான். சுற்றிலும் தாழ்ந்த கல் மதில். காற்றையும் குளிரையும் ஒரே அமைப்பில் தடுத்த வேலை அது.

அடுத்தது சூரியன். டிசம்பர் 21ஆம் தேதி நண்பகலில் நைனார்பாளையத்தில் சூரியன் தொடுவானத்திலிருந்து சுமார் 55 பாகை உயரத்தில் இருக்கும். 20 அடி உயர வீட்டின் நிழல் வடக்கே 14 அடி விழும். லேயில் அதே நேரம் 32 பாகைதான். நிழல் 32 அடி நீளும். டொரன்டோவில் 23 பாகை, 47 அடி. ஸ்வீடனின் வடகோடியில் உள்ள கிரூனாவில் அன்று சூரியன் எழுவதே இல்லை. நமக்குத் தெற்கு வீட்டுக்காரர் மாடி எடுத்தால் நிழல் கிடைத்தது என்று சந்தோஷப்படலாம். லேயில் அது அடுத்தவர் வீட்டு அடுப்பை அணைத்ததற்குச் சமம்.

லடாக் மரபைச் சற்று நின்று பார்க்க வேண்டும். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் வெப்பநிலை கழித்தல் 20 வரை இறங்கும். ஆனால் மழையும் பனிப்பொழிவும் சேர்ந்து ஆண்டுக்கு 100 மில்லிமீட்டரை ஒட்டித்தான். நம் பக்கம் ஐப்பசியில் ஒரே நாளில் கொட்டிவிடக்கூடிய அளவு. வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். பனி குறைவு, வெயில் அதிகம் என்பதால் கூரை தட்டையாக இருக்கலாம். பாப்லர் மர உத்தரங்கள், அவற்றின்மேல் நெருக்கி அடுக்கிய வில்லோக் குச்சிகள், அதற்குமேல் புல், பிறகு மண் என்று அடுக்குவார்கள். கூரை விளிம்பைச் சுற்றிக் குளிர்காலத்துக்கான தீவனக் கட்டுகளும் சுள்ளியும் வறட்டியும் ஏறும். சேமிப்புக்குச் சேமிப்பு, குளிர்த்தடுப்புக்குக் குளிர்த்தடுப்பு. கீழ்த்தளத்தில் மாடு, ஆடு. மேலே அடுப்பைச் சுற்றிக் குடும்பம். வடக்குச் சுவரில் ஜன்னல் அரிது.

வீட்டுக்கு வெளியே வந்தால் இன்னும் தெளிவு. பாய்ச்சல் பெறுகிற நல்ல நிலம் வயலுக்குப் போகும். வீடு கல்லும் கரடுமான சரிவில், தெற்குப் பார்த்து ஏறும். வாய்க்கால் ஓரங்களில் பாப்லரும் வில்லோவும் நடுவார்கள். இரண்டும் இலையுதிர்ப்பவை. கோடையில் நிழல், குளிர்காலத்தில் வெறும் கொம்பு. வெயில் தடையில்லாமல் சுவருக்கு வரும். உத்தரத்துக்கும் குச்சிக்கும் வேண்டிய மரமும் அங்கேயே விளைகிறது. இதைவிடக் கச்சிதமான வீட்டுத் தோட்டத் திட்டத்தை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

இந்த மரபின்மேல் புதிய கல்வி ஒன்றை ஏற்றியது செக்மால். 1988இல் சோனம் வாங்சுக் உள்ளிட்ட இளைஞர்கள் தொடங்கிய அமைப்பு. லே அருகே ஃபே என்ற ஊரில் உள்ள அதன் வளாகத்தில் மண்ணை அச்சுப் பலகைக்குள் இடித்து இறுக்கிய சுவர்கள், தெற்கே அகலக் கண்ணாடி. குளிர் தொடங்கியதும் தெற்கு முகத்தை ஒட்டிப் பாலிதீன் தாளை இறக்கிப் பசுங்கூடம் ஆக்குவார்கள். உள்ளே கீரை விளையும், கதகதப்பு அறைக்குள் போகும். கோடையில் அதைச் சுருட்டிவிடலாம். 2016இல் மண் கட்டடங்களுக்கான சர்வதேச டெரா விருது பிரான்ஸின் லியோன் நகரில் இந்த வளாகத்துக்குக் கிடைத்தது.

ட்ராம்ப் சுவரும் லடாக்கில் பரவியிருக்கிறது. தெற்குச் சுவருக்குக் கறுப்புப் பூசி, சற்று இடைவெளி விட்டு முன்னே கண்ணாடி நிறுத்துவது. பகலில் வாங்கிய சூட்டைத் தடித்த சுவர் இரவில் மெல்ல உள்ளே விடும். பெயர் பிரெஞ்சுப் பொறியாளர் ஃபெலிக்ஸ் ட்ராம்புடையது. 1967இல் பிரனீஸ் மலையில் ஒடெய்யோவில் கட்டிக் காட்டினார். ஆனால் 1881லேயே அமெரிக்காவில் எட்வர்ட் மோர்ஸ் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். நம் மேற்குச் சுவர் சித்திரையில் செய்கிற அதே அக்கிரமம், அங்கே வரமாகிவிட்டது.

2010 ஆகஸ்ட் 6 அதிகாலை லேயில் மேகம் உடைத்துக் கொட்டியதில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் மண் வீடு என்றாலே பயம், சிமென்ட் என்றால் நம்பிக்கை என்று பலர் மாறினார்கள். மண்ணைக் குற்றம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. சேறும் பாறையும் உருண்டு வந்த ஓடைப் பாதையில் சிமென்ட் கட்டடமும் நிற்கவில்லை. வீடு எதனால் கட்டப்பட்டது என்பதற்கு முன்னால், எங்கே கட்டப்பட்டது என்று கேட்டிருக்க வேண்டும்.

காஷ்மீருக்கும் இமாசலத்துக்கும் கதை வேறு. அங்கே பனி கனத்து விழும், கூரை சரிந்தாக வேண்டும். இமாசலத்தின் காட்குனி முறையில் தேவதாரு உத்தரமும் கல்லும் மாறிமாறி ஏறும், மேலே பலகைக்கல் கூரை. காஷ்மீரில் பூர்ச்சப் பட்டை விரித்து மண் கொட்டிய பழைய கூரைகளில் வசந்தத்தில் பூச்செடிகள் மலர்ந்து நின்றதுண்டு. அதைக் கூரைத் தோட்டம் என்று இப்போது விலைக்கு விற்கிறார்கள்.

பனியை வீட்டின் பங்காளியாகவே நடத்துகிறவர்கள் ஜப்பானியர். ஷிரகவா-கோ கிராமத்தின் புல் வேய்ந்த கூரைகள் கிட்டத்தட்ட 60 பாகைச் சரிவு. 1995இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. முகடுகள் பெரும்பாலும் தெற்கு வடக்காக ஓடுவதால் கூரையின் இரு பக்கமும் வெயில் காண்கிறது; பனி உருகும், புல் காயும். பள்ளத்தாக்கோடு வீசும் காற்றுக்குக் குறுகிய முகப்புதான் முகம் கொடுக்கும். டோயாமா மாவட்டத்தின் டோனாமி சமவெளியில் வீடுகள் சேர்ந்து நிற்பதே இல்லை. நெல் வயல்களுக்கு நடுவே தனித்தனியாக, ஒவ்வொன்றும் தெற்கிலும் மேற்கிலும் தேவதாரு வகை மரங்கள் சூழ நிற்கும். ‘காய்ன்யோ’ என்பது அந்தத் தோப்பின் பெயர். உதிர்ந்த இலை அடுப்புக்கு. முற்றிய மரம் அடுத்த வீடு கட்ட.

சப்போரோவில் இந்தச் சரிவு மரபு சிக்கலில் மாட்டியது. ஏறக்குறைய 20 லட்சம் பேர் வாழும் நகரம். ஆண்டுக்கு 5 மீட்டரை ஒட்டிப் பனி கொட்டும். நெருக்கமான மனைகளில் சரிவுக் கூரை பனியைத் தள்ளினால் அது அடுத்த வீட்டுக்காரர் தலையில் விழும். எனவே தட்டைக் கூரையும் உள்நோக்கிச் சரிந்த கூரையும் வந்தன. பனி மேலேயே தங்கும், உருகிய நீர் நடுவில் உள்ள வாய் வழியே வீட்டுக்குள்ளாகவே இறங்கும். மனையின் அகலம்தான் அங்கே கூரை வடிவத்தை முடிவு செய்தது.

காற்றுக்கு வருவோம். காற்றைத் தடுக்கச் சுவர் எழுப்பினால் போதும் என்று நினைப்போம். முழுச் சுவருக்குப் பின்னால் காற்று சுழன்று அடிக்கும். பாதிக்குப் பாதி இடைவெளி உள்ள மரவரிசையோ வேலியோ காற்றின் வேகத்தைக் குறைத்து, தன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரை நல்ல மறைவு தரும். மறைவு கிடைக்கிற இடத்தில்தான் காற்று சுமந்து வந்த பனியும் குவியும். வாசலை ஒட்டி அழகாக வரிசை நட்டவர் ஜனவரியில் கதவைத் திறக்க முடியாமல் நிற்பார். பனிக்குவியலுக்கு என்று ஒரு பட்டையை வெறுமனே விட்டு, அதற்கப்பால் மரம் நட வேண்டும்.

சுவரையே காற்றுத்தடுப்பாக்கிய சிந்தனை ரால்ஃப் எர்ஸ்கினுடையது. இங்கிலாந்தில் 1914இல் பிறந்து 1939இல் ஸ்வீடன் போய்த் தங்கிய கட்டடக் கலைஞர். போர்க்காலத்தில் தமக்கும் மனைவி மக்களுக்குமாகக் கட்டிய ‘பெட்டி’ வீடு சுமார் 20 சதுர மீட்டர். கட்டிலைக் கூரைக்குத் தூக்கிவிடலாம். அதன் வடக்குச் சுவர் முழுக்க விறகு அடுக்கு. குளிர் தணியத் தணிய விறகும் தீரும் என்பது கணக்கு. இந்த எளிய விறகுச் சுவரைத்தான் அவர் பிறகு ஊர் அளவுக்குப் பெருக்கினார். ஸ்வாப்பவாராவில் 1960களில் நீண்ட ஒரே கட்டடம் வடக்கைத் தடுக்க, அதன் தெற்கு மறைவில் சிறு வீடுகள் என்று திட்டமிட்டார். திட்டம் முழுதாக நிறைவேறவில்லை. கனடாவின் ஃபெர்மான்ட் சுரங்க நகரம் அதைக் கற்று, 1970களில் 1.3 கிலோமீட்டர் நீளக் கட்டடத்தையே காற்றுத் தடுப்பாக எழுப்பியது. குடியிருப்பு, பள்ளி, கடை, நீச்சல் குளம் எல்லாம் அதற்குள். குளிர்காலம் முழுக்க வெளியே கால் வைக்காமலே ஓட்டிவிடலாம். சுரங்கத் தொழிலாளிக்கு அது நிம்மதிதான். இருந்தாலும் பிள்ளைகள் ஆறேழு மாதம் நடைபாதையிலேயே வளர்வதை விட, தெற்கு மூலையில் வெயில் விழுகிற ஒரு திண்ணை இருப்பது மேல் என்று திண்ணையில் வளர்ந்த எனக்குத் தோன்றுகிறது.

டொரன்டோவின் ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் தமிழர் வாங்கிய வீடுகள் இந்த மரபுகள் எதையும் சேர்ந்தவை அல்ல. மனை தெருவைப் பார்க்கும். சூரியனைப் பார்ப்பது அதிர்ஷ்டம். முன்பக்கத்தை கராஜ் எடுத்துக்கொள்ளும். ஆனாலும் இருப்பதை வைத்துச் செய்யக்கூடியவை உண்டு. வடமேற்கில் ஸ்ப்ரூஸ் போன்ற என்றும் பசுமை மரம், தெற்கில் இலையுதிர் மரம். காரோட்டும் பாதையின் இருபுறமும் வாரிய பனியைக் கொட்ட இடம் வேண்டும். அங்கே புதர் நட்டால் கொம்பு முறியும். பாதைக்குத் தூவுகிற உப்பு சர்க்கரை மேப்பிளையும் வெள்ளைப் பைனையும் கருக்கிவிடும்; தெருவோரம் நட உப்பைத் தாங்கும் இனம்தான் வேண்டும். கறிவேப்பிலைத் தொட்டி மட்டும் ஐப்பசி தொடங்குமுன் உள்ளே வந்து தெற்கு ஜன்னலைப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் எந்த ஜன்னலுக்கு வெயில் வருகிறது என்பதை அந்தத் தொட்டி வைக்கிற இடமே சொல்லிவிடும்.

இனி அளவுகோல்கள். இந்திய விதிமுறை நாட்டை ஐந்து காலநிலை மண்டலங்களாகப் பிரிக்கிறது. தமிழ்நாட்டுச் சமவெளியின் பெரும்பகுதி வெப்ப ஈர மண்டலம், லடாக் குளிர் மண்டலம். வீடுகளுக்கென்று 2018இல் வந்த எரிசக்தி விதிமுறையான ஈகோ நிவாஸ் சம்ஹிதா, திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு நமக்குத் தரைப்பரப்பில் குறைந்தது ஆறில் ஒரு பங்கு இருக்கச் சொல்கிறது. குளிர் மண்டலத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும். அங்கே வெளிச்சுவர் வழியே வெப்பம் கடத்தும் அளவு சதுர மீட்டருக்கு, ஒரு பாகைக்கு 1.8 வாட்டைத் தாண்டக் கூடாது. பனிச் சுமைக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875இன் நான்காம் பகுதி இருக்கிறது. எளிய கூரைக்கு 30 பாகைச் சரிவு வரை, தரையில் விழும் பனிச் சுமையில் 0.8 பங்கு, அதற்குமேல் குறைந்துகொண்டே போய் 60 பாகையில் பூஜ்யம். ஷிரகவா-கோ தச்சர்கள் இந்த எண்ணுக்குக் கையாலேயே வந்து சேர்ந்திருந்தார்கள்.

இவை நல்ல விதிகள். இன்னும் கடுமையாக இருக்கலாம் என்பதே என் குறை. ஆனால் 1.8 வாட் கணக்கில் தேர்ச்சி பெற்ற வீடு, வடக்கே இருக்கிறவரின் தெற்குச் சுவரைக் குளிர்காலம் முழுதும் இருட்டில் போடலாம். அந்த விதி அதைக் கேட்பதில்லை. ஓடைப் பாதையையும், பனி குவியும் இடத்தையும், மரம் இலையுதிர்ப்பதா இல்லையா என்பதையும் கேட்பதில்லை.

நிழலையாவது கேட்கிற சட்டமும் இருக்கிறது. ஜப்பான் தன் கட்டட நெறிச் சட்டத்தில் 1976இல் நிழல் கட்டுப்பாட்டைச் சேர்த்தது. அது பொருந்தும் குடியிருப்புப் பகுதிகளில், குறிப்பிட்ட உயரத்துக்கு மேற்பட்ட கட்டடம் தன் எல்லைக்கு வெளியே எத்தனை மணி நேரம் நிழல் போடலாம் என்று வரம்பு கட்டுகிறது. அளப்பது ஆண்டின் மிகக் குறுகிய பகலில், காலை 8 முதல் மாலை 4 வரை. ஹொக்கைடோவுக்கு மட்டும் 9 முதல் 3 வரை, வடக்கே பகல் இன்னும் குறுகியது என்பதால். லேயில் புதிது புதிதாக எழும் குடியிருப்புகளில் வீட்டு வரைபடத்தோடு டிசம்பர் 21இன் நிழல்கோட்டையும் போட்டுத் தரச் சொல்ல இன்றைக்கே முடியும். இருபது அடி வீட்டுக்கு நண்பகலில் முப்பத்திரண்டு அடி. மாடி ஏறினால் அதற்கேற்ப அடுத்த மனை தள்ளிப் போகட்டும்.