பரம்பரைக் கண்ணும் நடுவர் கோலும்

இராயபுரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. கயிறு கட்டிய மேடையைச் சுற்றிலும் கூட்டம். துறைமுகத்தில் சுமை ஏற்றிக் களைத்த தோள்கள், காசிமேட்டில் வலை இழுத்துக் காய்த்த கைகள், எண்ணூர் ஆலையில் இரவுப் பணி முடித்து உறங்காத விழிகள், அத்தனையும் அங்கே! மேடையில் இரு இளைஞர்கள் கையுறை அணிந்து மூன்று சுற்றுகள் மோதினர். ஒருவன் நம் மாணவன். மற்றவன் வியாசர்பாடிப் பக்கத்துப் பயிற்சிக் கூடத்திலிருந்து வந்தவன். வெற்றி நம் மாணவனுக்கே என்று நடுவர்கள் அறிவித்தனர். கை தட்டினோம், ஆர்ப்பரித்தோம், அவனைத் தோளில் தூக்கினோம்.

மறுநாள், நண்பர் ஒருவர் கைப்பேசியில் எடுத்திருந்த படத்தை மும்முறை ஓட்டிப் பார்த்தோம். நெஞ்சு சுட்டது. இரண்டாம் சுற்றிலும் மூன்றாம் சுற்றிலும் மிகுதியாக அடித்தவன், தெளிவாக அடித்தவன், தோற்றதாக அறிவிக்கப்பட்டவனே! நேற்று மேடைக்குப் பத்தடித் தொலைவில் நின்றிருந்த நமக்கு அது ஏன் தெரியவில்லை? நம் கண் நம் பிள்ளையின் கையை மட்டுமே தொடர்ந்தது. அவன் கொடுத்த அடி ஒன்று இரண்டாகத் தெரிந்தது. வாங்கிய அடி தெரியவேயில்லை. பகுத்தறிவு பேசும் நாம், அன்று பகுத்தும் பார்க்கவில்லை, அறிந்தும் கொள்ளவில்லை.

இது ஒரு மாலைப் பொழுதின் பிழையன்று; நீண்ட நாளைய நோய். வெள்ளையர் கொண்டுவந்த ஆங்கிலக் குத்துச்சண்டையை வடசென்னை உழைப்பாளிகள் தமதாக்கிக் கொண்டனர். சார்பட்டா, இடியப்பன், எல்லப்பன் எனப் பரம்பரைகள் எழுந்தன. வெள்ளை வீரர் நாட் டெர்ரியை வீழ்த்திய கித்தேரி முத்துவின் பெயர் இன்றும் இங்கே பெருமையோடு பேசப்படுகிறது. 1980இல் முகம்மது அலியே சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டி ஆடினார். 1994இல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பையில் சென்னை வீரர் தேவராசன் வெண்கலம் வென்றார். ஏழை எளியோர் தம் உடலையே ஏடாக்கி எழுதிய வரலாறு இது.

பரம்பரை என்ற சொல் இங்கே குருதி உறவைக் குறிப்பதன்று; ஆசான் வழியைக் குறிப்பது. எந்தக் குடியில் பிறந்தவனும் வாத்தியாரிடம் பயின்றால் அந்தப் பரம்பரையைச் சேர்ந்தவன். போற்றத்தக்க ஏற்பாடுதான். ஆனால் மேடைக்குக் கீழே நிற்கும் ரசிகனுக்கோ அது பிறப்புரிமையாகி விடுகிறது! தந்தை எந்தப் பரம்பரையோ மகனும் அந்தப் பரம்பரை. ஏன் என்று கேட்பாரில்லை. பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்று முழங்கும் நாவே, ‘நம்ம ஆளு’ என்றதும் அடியின் எண்ணிக்கையை மாற்றிச் சொல்கிறதே, இது என்ன நியாயம்?

பா. இரஞ்சித் இயக்கி 2021இல் வெளிவந்த ‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படம் இந்த உலகை நாடறியச் செய்தது. உழைக்கும் மக்களைக் கேலிப் பொருளாக்காமல் மாண்போடு காட்டியது. வெறி முற்றினால் எதிர்த்தரப்பு மேடையையே கலவரக் காடாக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னது. பாராட்டுகிறோம். ஆயினும் ஒரு குறையைச் சுட்டாமலிருக்க முடியவில்லை. அங்கே இறுதிப் போட்டியை வீழ்த்தும் அடியே முடித்து வைக்கிறது. விழுந்தவன் எழாவிட்டால் தீர்ப்புக்கு இடமேது? நம் இளைஞர்கள் ஆடும் போட்டிகளிலோ பெரும்பாலான முடிவுகள் புள்ளிக் கணக்கில் வருபவை. அங்கே நீதி இருப்பது வீரனின் முட்டியில் அன்று, நடுவரின் எழுதுகோலில்! அந்த எழுதுகோலைப் படம் நமக்குக் காட்டவில்லை.

உலக மேடை காட்டியிருக்கிறது. 1988, சியோல் ஒலிம்பிக். அமெரிக்காவின் ராய் ஜோன்சும் தென்கொரியாவின் பார்க் சி-ஹுனும் இறுதிப் போட்டியில் மோதினர். தொலைக்காட்சிக் கணக்கின்படி ஜோன்சு கொடுத்த அடிகள் 86. பார்க் கொடுத்தவை 32. தீர்ப்போ மூன்றுக்கு இரண்டு என்று பார்க்குக்கு! உலகம் கொதித்தது. 1992 ஒலிம்பிக்கில் கணிப்பொறி வந்தது: ஐந்து நடுவரில் மூவர் ஒரே நொடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் புள்ளி. பொறி வந்தாலென்ன, பொத்தானை அழுத்துவது மனித விரல்தானே! 2013இல் அம்முறையும் கைவிடப்பட்டது. 2016 ரியோ போட்டிகளில் பணியாற்றிய 36 நடுவர்களில் ஒருவர்கூட அடுத்த ஒலிம்பிக்கில் அமர்த்தப்படவில்லை. ரியோவில் முடிவுகளைத் திரிக்க ஓர் ஏற்பாடே இருந்தது என்று 2021இல் மெக்லாரன் விசாரணை அறிக்கை கூறிற்று.

குத்துச்சண்டை முரட்டு ஆட்டம், அதனால்தான் இப்படி என்பாரும் உண்டு. பனித்தரையில் இசைக்கேற்பச் சுழலும் சறுக்கு நடனத்தைப் பாருங்கள். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில், இணையர் பிரிவில், ரசிய இணைக்குத் தங்கம் 5–4 என்ற கணக்கில் தரப்பட்டது. தம் நாட்டுச் சங்கத்தின் நெருக்குதலுக்கு ஆளானதாகப் பிரெஞ்சு நடுவர் கூறியது வெளிவர, கனடா இணைக்கும் தங்கம் வழங்க நேர்ந்தது. பின்னர் எந்த மதிப்பெண்ணை எந்த நடுவர் இட்டார் என்பது தெரியாதபடி மறைத்தனர். மறைத்தால் நெருக்குதல் குறையும் என்று எண்ணினர். பொருளியல் அறிஞர் எரிக் சிட்சேவிட்ஸ் கணக்கிட்டுப் பார்த்தபோது, தம் நாட்டார் மீதான சாய்வு குறையவில்லை, கூடியிருந்தது! திரை போட்டால் திருட்டு நிற்குமா? 2016இல் அந்த மறைப்பை நீக்கினர்.

இனி நம் மனத்தையும் ஒரு முறை உரைத்துப் பார்ப்போம். 2014 இன்சியோன் ஆசியப் போட்டியில் மணிப்பூரின் சரிதா தேவி, தென்கொரிய வீராங்கனையிடம் தோற்றதாகத் தீர்ப்பாயிற்று. அவர் வெண்கலத்தை ஏற்க மறுத்துக் கண்ணீர் விட்டார். நாமும் கொதித்தோம், கொதித்தது முறையே. ஆனால் நம்மவர்க்குச் சாதகமாகத் தவறான தீர்ப்பு வந்த நாளில் எத்தனை பேர் கொதித்தோம்? தனக்கு இழைக்கப்படும் அநீதியை மட்டும் எதிர்ப்பவன் நீதியை விரும்புபவன் அல்லன்; தன் நலனை விரும்புபவன். நடுவு நிலைமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தது நடுவர்களுக்காக மட்டுமா?

விளையாட்டுத்தானே, போகட்டும் என்று தள்ளிவிட முடியாது, தோழர்களே! திருவொற்றியூரில் ஓர் ஏழை மாணவனுக்குப் பதக்கம் என்பது கழுத்தில் தொங்கும் அணிகலன் அன்று. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம். இரயில்வேயிலோ காவல் துறையிலோ ஒரு வேலை. தவறாக உயர்த்தப்படும் ஒரு கை, இன்னொரு குடும்பத்தின் அடுப்பை அணைக்கவும் கூடும்.

எனவே கேட்கிறோம். போட்டியிடுவோரின் கூடத்தைச் சேர்ந்தவர் அப்போட்டிக்கு நடுவராக அமர வேண்டாம். ஒவ்வொரு நடுவரும் இட்ட புள்ளி, அவர் பெயரோடு, அன்றே பலகையில் எழுதப்படட்டும். படம் எடுத்து வைக்கப்படட்டும். ஐயம் எழுந்தால் பார்க்கப்படட்டும். ரசிகர்க்கும் ஒரு கடமை உண்டு: எதிராளியின் நல்ல அடிக்கும் கை தட்டப் பழகுங்கள். கை பழகினால் கண்ணும் பழகும்.

பார்க் சி-ஹுன் 2023இல் அமெரிக்கா சென்று, 35 ஆண்டுகளாகத் தம்மிடமிருந்த அந்தத் தங்கத்தை ராய் ஜோன்சிடமே ஒப்படைத்தார். தவறு செய்தவர்கள் நடுவர்கள். திருத்தியவரோ அத்தவற்றால் வென்றவர்!

அச்செய்தியை நம் மாணவனுக்குச் சொல்லி, அந்தக் கைப்பேசிப் படத்தையும் காட்டினோம். நெடுநேரம் பேசாமலிருந்தான். பிறகு, “ரெண்டாவது ரவுண்டும் மூணாவது ரவுண்டும் அவன்தான் சார்” என்றான். அடுத்த ஞாயிறு இருவரும் வியாசர்பாடி சென்று, அந்தப் பிள்ளையிடமே அதைச் சொன்னோம். அவன் கோபப்படவில்லை. கைக்கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டே, “அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்” என்றான்.

சான்றிதழ் மாறவில்லை. அந்தச் சொல்லுக்கு நம்மிடம் விடையும் இல்லை. அடுத்த போட்டியில் கூட்டம் ஆர்ப்பரிக்கும்போது, அன்றே, அங்கேயே எழுந்து சொல்லும் துணிவு வேண்டும். வளர்த்துக்கொள்வோம்!